பயிர் மூழ்கிடுச்சு... நிவாரணம் யாருக்கு, எவ்வளவு? '33 சதவீத' கணக்கின் முழு விவரம்

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் டிவி ஸ்க்ரோலில் தவறாமல் ஓடும் ஒரு வரி இருக்கிறது. "33 சதவீதத்துக்கு மேல் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம்." 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஓடியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகும் அதே தொகைதான்.

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு 17,000 பெரிய தொகையாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நின்று அழுகின சம்பா நாற்றைப் பார்க்கிறவருக்கு இதே வரியில் மூணு கேள்வி இருக்கு. 33 சதவீதம்னு யார் முடிவு பண்றாங்க? ஹெக்டேர் கணக்கு ஏக்கருக்கு எவ்வளவு? லிஸ்ட்டில் என் பேர் வருமா?

இதில் மூணாவது கேள்வியில்தான் பல பேர் பணத்தை இழக்கிறார்கள். நிவாரணம் பயிர் போன வயலைத் தேடி வருவதில்லை, பதிவேட்டில் இருக்கும் பெயரைத் தேடித்தான் வரும். அந்தப் பதிவேடு எது என்பதற்கு முன்னால் தொகைக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

நிவாரணம் வேற, இழப்பீடு வேற

செய்திகளில் 'நிவாரணம்', 'இழப்பீடு', 'காப்பீடு' மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். தமிழில் அர்த்தம் வேறு வேறு, அரசுக் கணக்கிலும் வேறு வேறு. இழந்ததை ஈடு கட்டுவது இழப்பீடு. துயரைக் கொஞ்சம் தணிப்பது நிவாரணம். புயலுக்குப் பிறகு அரசு தருவது இரண்டாவது வகை.

அதிகாரப்பூர்வமாக இதற்கு 'இடுபொருள் மானியம்' என்று பெயர். போன நெல்லின் விலையை அரசு தரவில்லை. அடுத்த முறை விதை, உரம் வாங்கி மறுபடி சாகுபடியைத் தொடங்க ஒரு கைதூக்கல், அவ்வளவுதான். அதனால்தான் தொகை சின்னதாக இருக்கிறது.

பணம் வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. இந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநில அரசின் பங்கு. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்ற விதிமுறையை மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிடும். 2022-23 முதல் 2025-26 வரைக்குமான விதிமுறைப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன வசதி உள்ள பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாய். இதற்கு முந்தைய விதிமுறையில் பாசனப் பயிருக்கு 13,500 ரூபாயாக இருந்தது. புது விதிமுறை வந்தால் இந்தத் தொகைகள் மாறலாம்.

நம்ம ஊரில் ஹெக்டேரில் யாரும் பேசுவதில்லை. ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர். அப்படிப் பார்த்தால் 17,000 ரூபாய் என்பது ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய். தஞ்சாவூர் பக்கம் 'மா' கணக்கில் சொன்னால் (33 சென்ட் ஒரு மா) மாவுக்கு 2,270 ரூபாய் சுற்றுவட்டத்தில் வரும். டெல்டா விவசாய சங்கங்கள் ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு 30,000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்பதற்கும் அரசு அறிவிப்பதற்கும் நடுவில் ஏன் இவ்வளவு தூரம் என்றால், காரணம் இதுதான். அவர்கள் கேட்பது இழப்பீடு, கிடைப்பது இடுபொருள் மானியம்.

இன்னொரு வரம்பும் இருக்கிறது. மத்திய விதிமுறைப்படி ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர்தான். அதாவது ஐந்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 6 ஏக்கரும் மொத்தமாகப் போன ஒருவருக்கு ஏக்கர் கணக்கில் 41,000 ரூபாய்க்கு மேல் வரணும். வரம்பு இருப்பதால் 34,000 ரூபாயோடு நின்றுவிடும்.

அப்போ சில வருஷம் கூட வந்ததே, எப்படி?

மத்திய விதிமுறைக்கு மேல் மாநில அரசு தன் சொந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இது நடந்திருக்கிறது. 2020 இறுதியில் நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி 13,500 ரூபாயை 20,000 ரூபாயாக உயர்த்தி அறிவித்தார். 2 ஹெக்டேர் வரம்பையும் அந்த முறை தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில் அறுவடைக்குத் தயாராக நின்ற சம்பா பருவம் தவறிய மழையில் சாய்ந்தபோது, முதல்வர் ஸ்டாலின் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார். நெல் தரிசில் விதைத்த பயறு வகைகளுக்கு ஹெக்டேருக்கு 3,000 ரூபாய்.

விதிமுறை எவ்வளவு பொருந்தாமல் போகலாம் என்பதற்கு நல்ல உதாரணம் கஜா. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த அந்தப் புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அப்போது பல்லாண்டுப் பயிருக்கு மத்திய விதிமுறை ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். ஒரு ஹெக்டேரில் 175 தென்னை என்பது அரசு எடுத்துக்கொண்ட கணக்கு. வகுத்துப் பார்த்தால் மரத்துக்கு 103 ரூபாய்! விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் கூலிக்குக்கூட அது பத்தாது. கடைசியில் மாநில அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அறிவித்தது. காய்க்க ஆறேழு வருஷம் காத்திருக்கணும் என்கிற மரத்துக்கு இதுவும் குறைவுதான். ஆனால் 103-க்கும் 1,100-க்கும் இருக்கும் வித்தியாசம் முழுக்க மாநில அரசின் முடிவில் வந்தது.

மாநில நிதி பத்தாத பெரிய பேரிடர் என்றால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கேட்கலாம். மத்தியக் குழு வந்து பார்ப்பது இதற்காகத்தான். மிக்ஜாம், தென்மாவட்ட வெள்ளம் இரண்டுக்கும் சேர்த்து தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி ரூபாய். மாநிலப் பேரிடர் நிதிக்கான தவணைகளை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்பது மத்திய அரசின் பதில். இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது தனிக்கதை.

33 சதவீதம்: ஒரு கோடு, இரண்டு பக்கம்

2015 வரை 50 சதவீதம் பயிர் போனால்தான் நிவாரணம். அந்த வருஷம் வட மாநிலங்களில் பருவம் தவறிய மழையில் கோதுமை பெரிய அளவில் நாசமானபோது, பிரதமர் மோடி அந்த வரம்பை 33 சதவீதமாகக் குறைத்தார். விவசாயிகளுக்கு இது நல்ல மாற்றம்தான்.

ஆனால் இந்தக் கோட்டுக்கு ஒரு குணம் உண்டு. 34 சதவீதம் போனாலும் 100 சதவீதம் போனாலும் ஒரே தொகை. 32 சதவீதம் என்றால் ஒன்றுமே இல்லை. படிப்படியாக ஏறுகிற கணக்கு இல்லை இது. வயலைப் பார்க்க வருகிறவர் 'மூணில் ஒரு பங்குக்கு மேல் போயிடுச்சு' என்று எழுதுகிறாரா, இல்லையா என்பதில்தான் ஏக்கருக்கு 6,880 ரூபாயா, பூஜ்ஜியமா என்பது இருக்கிறது.

யார் அவர்? வருவாய்த் துறை சார்பில் கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ. வேளாண் துறை சார்பில் உதவி வேளாண் அலுவலர். வாழை, காய்கறி, தென்னை மாதிரியான பயிர் என்றால் தோட்டக்கலைத் துறை ஆள். இவர்கள் சேர்ந்து எடுப்பதுதான் கூட்டுக் கணக்கெடுப்பு. சர்வே எண் வாரியாக எவ்வளவு பரப்பு, என்ன பயிர், எவ்வளவு சேதம் என்று பட்டியல் தயாராகும். அது வட்டாட்சியர், ஆட்சியர் வழியாகச் சென்னைக்குப் போய், அரசாணை வந்த பிறகு பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறும். மாதக் கணக்கில் ஆவது சகஜம்.

பொதுவாகத் தண்ணீர் வடிந்த பிறகுதான் கணக்கெடுப்பு தொடங்கும். இளம் பயிர் மூணு நாள் மூழ்கிக் கிடந்தாலும், வடிந்ததும் தெளிந்து வர வாய்ப்பு இருக்கு என்பது வேளாண் துறை சொல்லும் காரணம். அது நியாயம்தான். விவசாயி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. வடிந்த மறுநாளே கடன் வாங்கியாவது நாற்று வாங்கி மறுநடவு செய்கிறவரின் வயல், பத்து நாள் கழித்து வருகிறவர் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும். அதனால் மறுநடவுக்கு முன்னால் போனில் போட்டோ எடுத்து வைப்பது அவசியம். தேதி, இடம் பதிவாகும் மாதிரி எடுக்கணும். வயல் மட்டும் தெரிகிற போட்டோ பத்தாது. மதகு, மின்கம்பம், பக்கத்து வரப்பு என்று அடையாளம் தெரியணும். விஏஓவிடம் வாயால் சொல்வதோடு விடாமல், ஒரு பேப்பரில் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

எல்லாம் அடங்கலில் அடங்கும்

இப்போ அந்த மூணாவது கேள்விக்கு வரலாம்.

நிலம் யாருடையது என்று சொல்வது பட்டா, சிட்டா. அந்த நிலத்தில் இந்தப் பருவம் என்ன பயிர், யார் சாகுபடி செய்கிறார் என்று சொல்வது அடங்கல். கிராமக் கணக்கு எண் 2 என்பது இதுதான். ஒவ்வொரு பசலிக்கும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான கணக்கு வருஷத்துக்கு, விஏஓ இதை எழுதணும். சேதம் நடந்த பிறகு அதிகாரிகள் முதலில் திறந்து பார்ப்பது அடங்கலைத்தான். அதில் 'நெல்' என்று இல்லாமல் 'தரிசு' என்று இருந்தால், வயலில் நெல் அழுகிக் கிடந்தாலும் கணக்கில் தரிசுதான்.

சொந்த நிலக்காரருக்கே இதில் சிக்கல் வரும். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகியும் பட்டா மாறாமல் இருக்கும். அண்ணன் தம்பி நாலு பேருக்கும் ஒரே கூட்டுப் பட்டா இருக்கும். பணம் எந்தக் கணக்குக்குப் போவது என்று பெயர் அங்கேயே நின்றுவிடும்.

குத்தகைக்காரர் நிலை இதைவிடக் கஷ்டம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் செட்டில் ஆனவர்களின் நிலம் என்று குத்தகைச் சாகுபடி நிறைய. விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் குத்தகைக்காரர் பணம். பயிர் போனால் நஷ்டமும் அவருக்கே. விதிப்படி இடுபொருள் மானியம் சாகுபடி செய்தவருக்குத்தான் போகணும். இந்த இடத்தில் பிஎம் கிசான் திட்டத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த 6,000 ரூபாய் நிலம் பெயரில் இருப்பவருக்கு மட்டும். பயிர் நிவாரணத்துக்கு நில உரிமை கட்டாயம் இல்லை.

நடப்பு என்னன்னா, பெரும்பாலான குத்தகை வாய்ப்பேச்சுதான். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் 1955-ம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி லேசில் வெளியேற்ற முடியாது என்ற பயத்தில் நிலக்காரர்கள் பதிவுக்குச் சம்மதிப்பதில்லை. விளைவு, அடங்கலில் நிலக்காரர் பெயர். நிவாரணமும் அவர் கணக்கில். நல்ல மனசுக்காரர் என்றால் எடுத்துக் கொடுப்பார். இல்லையென்றால் கேட்க வழியில்லை. ஏன்னா, கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது.

இதற்கு மழை வந்த பிறகு தீர்வு இல்லை. விதைத்த உடனே, அந்தப் பருவத்தின் அடங்கலில் சாகுபடியாளர் பெயர், பயிர், பரப்பு மூன்றும் சரியாக ஏறியிருக்கா என்று பார்த்துவிடணும். கோயில் நிலம் என்றால் குத்தகை ரசீது கையில் இருக்கணும், அது வலுவான ஆதாரம். 2024-ல் வேளாண் கல்லூரி மாணவர்களை வைத்து டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. அதன் பிறகு பதிவுகள் போனுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. போனில் ஏறினாலும் தப்பான பெயர் தப்பான பெயர்தான் என்பதால் சரிபார்க்கும் வேலை குறையவில்லை.

ஆடு, மாடு போனால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். தாமிரபரணிக் கரையில் தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகளும் பட்டியில் அடைத்த ஆடுகளும் ஆயிரக்கணக்கில் போயின. நிலமே இல்லாத குடும்பங்களுக்கு அதுதான் மொத்தச் சொத்து.

இப்போதைய தொகை, பசு, எருமைக்கு 37,500 ரூபாய். முன்பு 30,000 ரூபாய். உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். இதிலும் வரம்பு உண்டு. ஒரு குடும்பத்துக்குக் கறவையில் பெரிய கால்நடை 3 அல்லது ஆடு 30, கோழிக்கு மொத்தமாக 10,000 ரூபாய். அம்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு கிடை போடும் கீதாரிக்கு இருபது ஆடு கணக்கிலேயே வராது.

இங்கே முக்கியம், இறந்ததற்கான சான்று. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை புதைக்கக் கூடாது. ஊரே தண்ணீரில் இருக்கும்போது டாக்டர் வர முடியாது, உடலை வைத்திருக்கவும் முடியாது என்ற நிலைமை வரும். அப்போது காது வில்லை எண் தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ எடுத்து, விஏஓவுக்கும் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் தகவல் சொல்லிவிட்டுப் புதைக்கணும். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ஆடுகளை நிரூபிப்பதுதான் பெரிய பாடு. முன்கூட்டியே போட்ட தடுப்பூசி அட்டை, காது வில்லைப் பதிவு ஆகியவைதான் 'என்கிட்ட இத்தனை உருப்படி இருந்தது' என்பதற்கு அப்போது கைகொடுக்கும்.

இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், இரண்டும் வருமா?

வரும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தனி, அரசு நிவாரணம் தனி. ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடையாது என்பது தப்பான தகவல்.

2016-ல் வந்த இந்தத் திட்டத்தில் காரீஃப் உணவுப் பயிருக்கு விவசாயி பங்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம். சம்பா 1.5 சதவீதக் கணக்கில் வரும். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்தால், கட்ட வேண்டியது 540 ரூபாய். மீதி பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. குத்தகைக்காரரும் சேரலாம். அங்கேயும் அடங்கல் கேட்பார்கள்!

நிவாரணத்தில் உங்கள் வயலைப் பார்க்கிறார்கள். காப்பீட்டில் நெல்லுக்கு வருவாய் கிராமத்தின் சராசரியைப் பார்க்கிறார்கள். கிராமத்தில் சில வயல்களைத் தேர்வு செய்து அறுவடைப் பரிசோதனை நடத்துவார்கள். முந்தைய வருஷங்களின் விளைச்சலை வைத்து 'உத்தரவாத மகசூல்' என்று ஒன்றை முன்பே குறித்திருப்பார்கள். இது ஏக்கருக்கு 2,000 கிலோ, பரிசோதனையில் கிடைத்தது 1,500 கிலோ என்றால், குறைவு 25 சதவீதம். 36,000-ல் 25 சதவீதம், அதாவது 9,000 ரூபாய் அந்தக் கிராமத்தில் காப்பீடு செய்த எல்லாருக்கும் ஏக்கருக்குக் கிடைக்கும். பரிசோதனையில் 2,050 கிலோ வந்தால் யாருக்கும் எதுவும் இல்லை. வாய்க்கால் ஓரத்துத் தாழ்ந்த வயல்காரருக்கு ஒரு மூட்டை கூடத் தேறவில்லை என்றாலும் அதே பதில்தான். 'பக்கத்து ஊருக்கு வந்தது, எங்க ஊருக்கு வரல' என்ற புகார் வருஷா வருஷம் வருவது இதனால்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, அறுத்து வயலில் காயப்போட்ட பயிர். அறுவடையான 14 நாளுக்குள் புயல், பருவம் தவறிய மழையில் அது நனைந்து கெட்டால், தனி வயலாகவே பார்ப்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும். தனி வயலாகப் பார்க்கும் பட்டியலில் நெல் வயல் நீரில் மூழ்குவதும் ஒரு காலத்தில் இருந்தது. 2018-ல் அதை எடுத்துவிட்டார்கள். தாழ்வான கடைமடைக்கு அது பெரிய அடி. 2026 காரீஃப் பருவத்திலிருந்து அதை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. அங்கேயும் 72 மணி நேர விதிதான், பயிர்க் காப்பீட்டு ஆப்பில் இடம் பதிவான போட்டோவோடு. மூணு நாள் கரண்ட் இல்லாமல், டவர் இல்லாமல் கிடக்கிற ஊரில் இது எப்படி நடக்கும் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

பெயர் விட்டுப்போனால் எங்கே போவது?

முதலில் விஏஓ அலுவலகத்திலும் வேளாண் விரிவாக்க மையத்திலும் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். அரசாணை வருவதற்கு முன்னால் பெயர் சேர்ப்பது எளிது, வந்த பிறகு ரொம்பக் கஷ்டம். பெயர் இல்லை என்றால் சர்வே எண், அடங்கல் நகல், போட்டோ, ஆதார், வங்கிப் புத்தக நகலோடு வட்டாட்சியரிடம் மனு. அங்கே நகரவில்லை என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டம். வருவாய், வேளாண், கூட்டுறவு அதிகாரிகள் எல்லாரும் ஒரே ஹாலில் இருப்பார்கள் என்பதால் 'அது அந்த டிபார்ட்மென்ட்' என்ற பதில் அங்கே எடுபடாது. காப்பீடு சம்பந்தமான புகாருக்கு 14447 என்ற உதவி எண் இருக்கிறது.

பெயர் இருந்தும் பணம் வரவில்லை என்றால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். ஆதார் இணைப்பு விட்டுப்போனது, வங்கி இணைப்புக்குப் பிறகு ஐஎஃப்எஸ்சி கோடு மாறியது, ரொம்ப நாளாகப் பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியது போன்ற காரணங்களால் திரும்பிப் போகும் தொகையும் உண்டு. கணக்கைச் சரி செய்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் புது விவரத்தை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தால்தான் அந்தப் பணத்தை மறுபடி அனுப்புவார்கள்.